இரண்டு சனல் 4 படங்கள்: யாழ்ப்பாணத்தில் பார்த்தவர்கள் சொன்னதும் நான் நினைப்பதும்

பிரித்தானியாவின் சனல் 4, 2009இல் முடிந்த போரின் கடைசிக் கட்டத்தைப் பற்றிய ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படத்தை 2011 ஜூன் 14இல் ஒளிபரப்பியது. 2023 செப்டம்பர் 5இல் அதே சனல், 2019 ஏப்ரலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளைப் பற்றி இன்னொரு படத்தை வெளியிட்டது. அதிகாரத்தில் இருந்தவர்கள் உண்மையை மூடி மறைத்தார்கள் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இரண்டையும் பார்த்தவர்களிடம் கேட்டால், முதல் படத்துக்குக் குரல் தாழ்கிறது. இரண்டாவதுக்கு வாக்குவாதம் கிளம்புகிறது.

பார்த்த விதமே வேறு. முதல் படத்தை நாங்கள் பென்டிரைவில் வாங்கி, கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தோம். சந்திக்குச் சந்தி ஆமி நின்ற காலம். இரண்டாவதைப் பொடியள் பஸ்ஸில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் பார்த்தார்கள்.

சரி, சான்றுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. முதல் படத்தின் மிகக் கொடுமையான காட்சிகள் படையினரே தங்கள் கைத்தொலைபேசிகளில் எடுத்தவை. கண்ணும் கையும் கட்டப்பட்டவர்களைச் சுடும் காட்சியை சனல் 4 முதலில் 2009 ஓகஸ்டிலேயே செய்தியில் காட்டியது. அரசு அதைப் போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் அதை மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார்: ஒருவர் துப்பாக்கிகளை அறிந்தவர், ஒருவர் சடலப் பரிசோதனை மருத்துவர், ஒருவர் காணொளித் தொழில்நுட்பம் தெரிந்தவர். காட்சி உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் முடிவு வந்தது. படத்தை எடுத்தவர்களை நம்பாத ஒருவரும் இந்த முடிவோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது படம் பெரும்பாலும் ஒரு மனிதனின் வாக்குமூலத்தில் நிற்கிறது. கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் பிள்ளையானின் முன்னாள் உதவியாளர் ஆசாத் மௌலானா, 2018இல் புத்தளத்தில் ஒரு புலனாய்வு அதிகாரிக்கும் பின்னர் குண்டு வைத்த இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவினருக்கும் தானே சந்திப்பு ஒழுங்கு செய்ததாகச் சொல்கிறார். நாட்டில் அச்சத்தை உண்டாக்கி கோட்டாபய ராஜபக்ச ஆட்சிக்கு வர வழி செய்வதே நோக்கம் என்பது படத்தின் வாதம். அந்த அதிகாரி மறுத்தார். அந்தக் காலத்தில் தான் மலேசியாவில் பணியில் இருந்ததாகச் சொன்னார். பிள்ளையானும் கோட்டாபயவும் மறுத்தார்கள். பார்ப்பவரின் கையில் மிஞ்சுவது ஒருவரின் சொல்லும் மற்றவர்களின் மறுப்பும்தான்.

அதற்காக இரண்டாவது படத்தைத் தள்ளிவிட என்னால் முடியாது. தாக்குதல் நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கை இந்தியாவிலிருந்து முன்கூட்டியே வந்தும் தடுக்கப்படவில்லை. அந்தத் தவறுக்காக, தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கவனயீனம் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டுவிட்டது. சதி நிறுவப்படவில்லை. இந்தக் கோடு எங்கள் ஊர்ப் பேச்சில் மிக எளிதாக அழிந்துபோகிறது. “எல்லாம் அவையள் செய்ததுதான், இதிலை என்ன சந்தேகம்?” என்று எங்கள் ஒழுங்கையில் உள்ள ஓர் அண்ணை முடித்துவிட்டார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்களுக்கு நடந்ததற்குச் சாட்சி கேட்டு உலகமெல்லாம் அலைந்தவர்கள் நாங்கள். மற்றவர்களுக்கு நடந்ததிலும் அதே அளவு சாட்சி கேட்க வேண்டும்.

சோனகத்தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா சொன்னதுதான் நான் கேட்டவற்றில் மிகக் கனமானது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பி வந்த குடும்பம் அவருடையது. “பின்னாலை ஆரோ இருந்தா அது வெளியிலை வரட்டும். ஆனா குண்டைக் கட்டினவன் எங்கடை ஆள்தான். அதை மறக்கச் சொன்னா நான் மறக்க மாட்டன்” என்றார். 2019 மேயில் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதையும் சேர்த்துச் சொன்னார். படம் தனக்கு ஆறுதலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை, விசாரணை வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் மட்டும்தான் என்றார்.

தெற்கின் எதிர்வினையை இங்கே பலரும் கசப்போடுதான் நினைவுகூருகிறார்கள். 2011இல் பாதுகாப்பு அமைச்சு ஒரு மறுப்புப் படமே எடுத்து வெளியிட்டது. சனல் 4 என்றாலே பொய் என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. 2023இல் அதே சனலின் படத்துக்குப் பிறகு கர்தினால் மல்கம் ரஞ்சித் சுதந்திரமான சர்வதேச விசாரணை கேட்டார். “நாங்கள் கேட்டபோது துரோகம், அவர்கள் கேட்டால் நீதியா?” என்று இங்கே கேட்டவர்கள் பலர். நியாயமான கேள்வி. ஆனால் கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்களில் தமிழர் நிறையப் பேர். கர்தினாலின் கோரிக்கை அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்பதைக் கசப்பில் மறந்துவிடுகிறோம்.

படமாக எது மேல் என்று கேட்டால், சான்றின் பலத்தில் முதல் படத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது வராது. சிங்களப் பார்வையாளரை அசைத்ததில் இரண்டாவதுதான் மேல். இறந்தவர்களில் அவர்களுடைய உறவுகளும் இருந்ததால் அவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பலன் என்று பார்த்தால் இரண்டுமே ஓரிடத்தில்தான், ஒரு குழுவில்தான், வந்து நிற்கின்றன. அந்தச் சுடும் காணொளியின் உண்மையை விசாரிக்க வேண்டும் என்று, போரைப் பற்றி ஆராய அரசே நியமித்த கற்றறிந்த பாடங்கள் ஆணைக்குழுவும் 2011இல் பரிந்துரைத்தது. இரண்டாவதுக்கு ஓய்வுபெற்ற நீதியரசர் இமாம் தலைமையில் குழு அமைத்தார்கள்.

இளையவர் யாராவது எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்டால் 2011 படத்தைச் சொல்வேன். ஆனால் வீட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்பேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்தப் படத்தைக் கதைக்காகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகத்திலும் நிறுத்தச் சொன்னா. மகனுடைய முகம் இல்லை என்று தெரிந்ததும், திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னா.