ஆபீஸ் சர்வர்: விண்டோஸ்லயே இருக்கலாமா, லினக்ஸுக்கு மாறலாமா?

விண்டோஸ் சர்வர் 2016 ஓடுற ஆபீஸ்ல இந்தக் கேள்விய தள்ளிப்போட முடியாது, அதுக்கு வழக்கமான செக்யூரிட்டி அப்டேட் 2027 ஜனவரி 12 வரைக்கும்தான்.

முதல்ல லைசென்ஸ். விண்டோஸ்ல சர்வருக்குக் குறைஞ்சது 16 ப்ராசசர் கோருக்கு லைசென்ஸ் வாங்கணும், அதுக்கு மேல யூசருக்கோ டிவைஸுக்கோ தனியா சிஏஎல் (சர்வர யூஸ் பண்றதுக்கான லைசென்ஸ்) வேற, இத மறந்துட்டுத்தான் பல பேர் பட்ஜெட் போடுறாங்க. டெபியன் மாதிரி இலவச லினக்ஸ்ல இந்தச் செலவே கிடையாது, ஆனா கமாண்ட் லைன் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கண்டிப்பா வேணும், அந்தச் சம்பளத்தையும் கணக்குல சேருங்க.

ஃபைல் ஷேர், பிரிண்டர் மட்டும்னா யோசிக்கவே வேணாம், லினக்ஸ்ல ஓடுற சம்பாங்கிற இலவச சாஃப்ட்வேர் அருமையா பாத்துக்கும். சிக்கல் ஆக்டிவ் டைரக்டரிலதான், அதாவது ஆபீஸ் யூசர், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒரே டொமைனா சேத்து ஒரே இடத்துலேருந்து நிர்வகிக்கிற விண்டோஸ் வசதி. 2012 டிசம்பர்ல வந்த சம்பா 4.0லேருந்தே சம்பாவும் டொமைன் கன்ட்ரோலரா (லாகின சரிபாக்குற சர்வரா) வேலை செய்யும், குரூப் பாலிசியும் (எல்லா மெஷினுக்கும் மொத்தமா அனுப்புற செட்டிங்) போகும், ஆனா ரெண்டு கன்ட்ரோலர் வச்சா அந்த பாலிசி ஃபைல்கள் இருக்கிற சிஸ்வால் ஃபோல்டர் தானா சிங்க் ஆகாது, ஆர்சிங்க் மாதிரி ஃபைல் காப்பி பண்ற டூல் ஏதாவது வச்சு நாமளே செட் பண்ணணும், இது தெரியாம மாத்திட்டு பாலிசி ஒரு மெஷின்ல வருது இன்னொண்ணுல வரலன்னு தலையப் பிச்சுக்கிறது ரொம்பக் கொடுமைங்க.

அக்கவுன்டிங் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்னா அந்த சர்வர தொடாதீங்க, அப்டேட் வர்ற வெர்ஷனுக்கு ஏத்திட்டு அப்படியே வச்சுக்கங்க. என் சாய்ஸ், டொமைன் விண்டோஸ்லயே இருக்கட்டும், ஃபைல் சர்வரையும் பேக்கப்பையும் மட்டும் லினக்ஸுக்கு மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி பேக்கப்லேருந்து ஒருதடவ முழுசா ரீஸ்டோர் பண்ணிப் பாத்துடுங்க, ப்ளீஸ்.