காறை எலும்புக்கு பிளேட்: மேலே வைப்பதா, முன்னால் வைப்பதா?

கழுத்தடியிலிருந்து தோள் நுனி வரை விரலை ஓட்டிப் பாருங்கள். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை என்று சொல்ல எதுவும் இருக்காது. அதுதான் காறை எலும்பு. அது முறிந்து, துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க உலோகத் தகடு, அதாவது பிளேட், வைத்தவர்கள் சொல்லும் குறைகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

எல்லா முறிவுக்கும் கத்தி வேண்டாம். பெரும்பாலானவை, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் கைத்தொட்டிலிலேயே கூடிவிடும். துண்டுகள் விலகி எலும்பு 2 செ.மீ. அளவுக்குக் குறுகிவிட்டால் ஆபரேஷன் பேச்சு வரும். கனடாவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், நன்றாக விலகிய நடுப்பகுதி முறிவுகளை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பிளேட் வைத்த 62 பேரில் 2 பேருக்கும், தொட்டில் மட்டும் கட்டிய 49 பேரில் 7 பேருக்கும் எலும்பு கூடவில்லை.

சரி, பிளேட் என்று முடிவாகிவிட்டது. எங்கே வைப்பது?

பழகிய இடம் எலும்பின் மேல்பக்கம். கையின் பாரம் வெளித்துண்டைக் கீழே இழுக்கும்போது முறிவு மேலேதான் வாய் பிளக்கும். அந்த வாயை மேலிருந்தே இறுக்கிப் பிடிப்பதால் வலு அதிகம். ஆனால் துளைக்கும் கருவி கீழ்நோக்கி இறங்குகிறது; அந்தப் பக்கம் பெரிய ரத்தக்குழாய்களும் நுரையீரலின் உச்சியும் இருக்கின்றன. அப்புறம் தோளில் மாட்டும் பையின் பட்டை. மெலிந்த உடம்பென்றால் பிளேட்டின் விளிம்பு தோலுக்கு மேலேயே கையில் தட்டுப்படும், பட்டை அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். எலும்பு கூடிய பிறகும் பிளேட்டைக் கழற்றிவிடச் சொல்லிப் பலர் திரும்பி வருவது இதனால்தான்.

முன்-கீழ்ப் பக்கத்தில் வைத்தால் அந்த உறுத்தல் குறைகிறது. எலும்பு முன்பின்னாக அகலம் என்பதால் நீளமான ஸ்குரூ போட்டுப் பிடிக்கலாம். பதிலுக்கு, அங்கே ஒட்டியிருக்கும் தசையைக் கொஞ்சம் விலக்க வேண்டும். மார்பெலும்பை ஒட்டிய பகுதியில் ரத்தக்குழாய் எலும்புக்குப் பின்னால் கிடப்பதால், அங்கே முன்னிருந்து துளைப்பதுதான் ஆபத்து. நடுப்பகுதி முறிவு, ஒல்லியான ஆள், தினமும் தோளில் பை என்றால் என் ஓட்டு முன்பக்கத்துக்கே. மருத்துவருக்கு அந்த முறையில் கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தோலடி நரம்பு அறுபட்டு வெட்டுக்குக் கீழே மரத்துப்போவது இரண்டிலும் உண்டு.

பிளேட்டின் வகையும் முக்கியம். எளிதாக வளைத்துப் பொருத்தும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் பிளேட், அதே எளிதில் உடம்புக்குள்ளும் வளையும். எலும்பின் வளைவுக்கேற்பச் செய்துவரும், ஸ்குரூவின் தலை தன்னிலேயே பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேட் அதைவிட நல்லது. மெல்லிய இரண்டு பிளேட்டுகளை மேலும் முன்னுமாக வைக்கும் முறையும் இருக்கிறது. உறுத்தல் குறைவு, வேலை அதிகம்.

எந்த உலோகமும் இன்னொரு விழுதலைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. 2013-இல் நெதர்லாந்தின் அசென் தடத்தில் பயிற்சியின்போது விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்ட மோட்டோஜிபி (மோட்டார் சைக்கிள் பந்தய) வீரர் ஹோர்ஹே லொரென்சோ, டைட்டானியம் பிளேட்டும் 8 ஸ்குரூவும் வைத்துக்கொண்டு, விழுந்த இரண்டாம் நாளே பந்தயம் ஓட்டி 5-ஆம் இடம் பிடித்தார். இரண்டே வாரத்தில் ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடத்தில் மறுபடி விழுந்தார். பிளேட் வளைந்தது, மறுபடி ஆபரேஷன்.

தோள் நுனியை ஒட்டிய முறிவு வேறு கதை. ஸ்குரூ பிடிக்க அங்கே எலும்பு போதாததால் கொக்கி பிளேட் வைப்பார்கள். கொக்கி தோள் முகட்டு எலும்புக்கு அடியில் நிற்கும்; கையைத் தூக்கும்போதெல்லாம் அதை அரிக்கும். சில மாதங்களில் கழற்றியாக வேண்டும் என்பதால், இது ஒன்றல்ல, இரண்டு ஆபரேஷன் என்று முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.