விதைத் தேயிலையா, வீ.பீ. தேயிலையா? ஒரே மலையின் சிறு அரைப்புக்கு எது பொருந்தும்

ஒரே மலையின் (தோட்டத்தில் தேயிலை நட்ட ஒரு துண்டு நிலத்தின்) கொழுந்தைத் தனியாக அரைத்து, பத்து இருபது கிலோவாகப் பொதி செய்யும் தேயிலைக்கு இலங்கை மலையகத்தில் இப்போது வாங்குவோர் இருக்கிறார்கள். பழைய திராட்சைத் தோட்டத்துச் சிவப்பு வைனைத் தேடிப் போகிறவர்களைப் போல இவர்களும் முதலில் செடியின் வயதைத்தான் கேட்கிறார்கள். விதையில் முளைத்த பழைய விதைத் தேயிலை அருமையான பிளேன்டீ (பாலில்லாத தேநீர்) தரும் என்பது உண்மை. ஆனால் அதன் கொழுந்தை வீ.பீ. (தாய்ச்செடியின் துண்டில் வளர்த்த செடி) கொழுந்தைக் கையாளுவது போலவே கையாண்டால், ஒழுங்காகச் செய்த வீ.பீ. தேயிலைக்குப் பக்கத்தில் கூட அது நிற்காது.

முதலில் மண்ணில் இருக்கும் வித்தியாசம். தேயிலை அயல் மகரந்தத்தால் காய்ப்பது. அதனால் விதையில் முளைத்த செடி ஒவ்வொன்றும் ஒரு தனி ரகம். ஒரே நிரையில் ஒன்று அகலமான மெல்லிய இலையோடு நிற்கும், அடுத்தது சிறிய தடித்த இலையோடு நிற்கும். வீ.பீ. என்பது தாய்ச்செடியின் ஒற்றை இலைத் துண்டைப் பொலித்தீன் பையில் நட்டு, 9 முதல் 12 மாதம் வளர்த்து எடுக்கும் கன்று. தலவாக்கலை சென்.கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டீ.ஆர்.ஐ. 2025 போன்ற ரகம் ஒன்றை நட்டால், அந்த மலை முழுவதும் ஒரே செடிதான்.

விதைச் செடிக்கு ஆணிவேர் உண்டு, வீ.பீ.க்கு இல்லை. செங்குத்தான சரிவிலும் மேல்மண் கழுவப்பட்ட இடத்திலும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வறட்சியில் வீ.பீ. மலை முதலில் வாடும், விதை மலை மெதுவாகவாவது துளிர்த்துக்கொண்டிருக்கும். ஊவாப் பகுதியில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும், திம்புளைப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரையும்தான் வாசம் ஏறும் காலம். வறட்சிக் காலமும் அதுவே. விதைத் தேயிலையை வைத்திருப்பதற்கு என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணமே போதும்.

விளைச்சலில் போட்டியே இல்லை. பழைய மலைகளில் 4 அடிக்கு 4 அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 2,722 செடி. வீ.பீ.யை 4 அடிக்கு 2 அடியில் வைத்தால் 5,445. விதை மலையில் செத்த இடங்களும் சேரும். அதற்காகப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவது லேசான வேலை இல்லை. மண் தேற குவாத்தமாலா புல்லோ மானா புல்லோ 18 முதல் 24 மாதம் நிற்க வேண்டும், அதன் பிறகு கன்று வளர்ந்து கொழுந்து பறிக்கும் மட்டத்துக்கு வர வேண்டும். அத்தனை வருடமும் அந்த நிலத்தில் வருமானம் கிடையாது. வெற்றிடத்தில் வீ.பீ. கன்றைச் செருகுகிறவர்கள் கவ்வாத்து (செடியைத் தாழ வெட்டிவிடுதல்) வெட்டிய வருடத்தில், 18 அங்குல ஆழக் குழியில் வைக்க வேண்டும். மற்ற வருடங்களில் பக்கத்துச் செடியின் நிழலும் வேரும் கன்றைச் சாகடித்துவிடும். அப்படிச் செருகிய மலையின் கொழுந்தை 'முழுக்க விதைத் தேயிலை' என்று விற்பது நியாயம் இல்லை.

கவ்வாத்தில் பழைய செடிக்கு இரட்டைக் கவனம் தேவை. வெட்டுவதற்கு முன் பென்சில் தடிப்புள்ள வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, குறுக்காக வெட்டி, வெட்டு முகத்தில் அயடின் கரைசல் விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடியை ஓய விட வேண்டும். மாச்சத்து இல்லாத கிழட்டுச் செடியை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது. ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டு வெட்டுவது பாதுகாப்பு. வெட்டு பிளந்து போனால் தண்ணீர் இறங்கித் தண்டு உளுத்து, பிறகு கறையான் ஏறும்.

கொழுந்து பறிப்பு

வீ.பீ. மலையில் எல்லாச் செடியும் ஏறக்குறைய ஒன்றாகத் துளிர்க்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை போனால் இரண்டு இலையும் அரும்புமாகக் கூடை நிறையும். விதை மலையில் ஒரு செடியில் மூன்றிலை ஆகியிருக்கும், அடுத்ததில் அரும்பு இன்னும் விரிந்திருக்காது. நாள் இடைவெளியைக் குறைத்து, ஆனதை மட்டும் எடுத்து, ஆகாததை அடுத்த முறைக்கு விட வேண்டும். கிலோக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு இதை எதிர்பார்ப்பது அநியாயம். தேர்ந்து பறிக்கும் பெண்ணின் கூடையில் எடை குறையத்தான் செய்யும். சிறு அரைப்புக்குப் பறிக்கும் நாளில் நேரத்துக்கு முழுக்கூலி கொடுங்கள். தேயிலையின் தரம் அங்கேதான் தொடங்குகிறது.

தொழிற்சாலையில்தான் பெரும்பாலும் கெடுகிறது

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 50 கிலோ கொழுந்தில் 11 கிலோ கிடைக்கும். வாட்டும்போது 100 கிலோ கொழுந்து 50 கிலோ அளவுக்கு இறங்கினால் ஈரம் 55 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். வீ.பீ.க்கு இந்தக் கணக்கை அப்படியே நம்பலாம். விதைக் கொழுந்தில் சராசரி சரியாக இருக்கும், இலைகள் சரியாக இருக்காது. மெல்லிய இலை காய்ந்து சுருண்டிருக்கும், தடித்த இலை இன்னும் மொறமொறவென்று இருக்கும். இலையை முறுக்கி அரைக்கும் ரோலரில் போட்டதும் வாடாத இலை முறுக்கேறாமல் துண்டு துண்டாக உடையும், சாறு வெளியே வழியும். சாயம் நீர்த்துப் போகும்.

இதற்கு வழி, மெல்லிய அடுக்காகப் பரப்பி, சூடில்லாத காற்றில், அவசரப்படாமல் 14 முதல் 16 மணி நேரம் வாட்டுவது. நடுவில் கையால் புரட்ட வேண்டும். பதம் பார்க்கத் தராசு மட்டும் போதாது: ஒரு பிடியை இறுக்கிப் பிடித்து விட்டால் உருண்டை சட்டென்று விரியக் கூடாது, காம்பை மடித்தால் படக்கென்று ஒடியாமல் வளைய வேண்டும். அகல இலையிலும் சிறிய இலையிலும் தனித்தனியாக இதைச் செய்து பாருங்கள். முதல் அரைப்பை அழுத்தம் இல்லாமல் 20 நிமிடம் ஓட்டி, சலித்து, விழுந்த தூளைத் தனியாக நொதிக்க விட்டு, பெரிய இலையை மட்டும் மறுபடி அரைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாக நொதிக்க விட்டால் தூள் கறுத்துச் சுவை மழுங்கும், பெரிய இலை பச்சையாகவே நிற்கும். வீ.பீ.யை அரைக்கும் ரோலரில் மீதிக் கொழுந்தை நிரப்ப இதையும் சேர்த்துப் போடுவதுதான் தோட்டங்களில் நடக்கும் பெரிய பிழை. அதில் இரண்டுமே பாழ்.

கோப்பையில்

ஒப்பிடுவதென்றால் ஒரே தரத்தை எடுங்கள். சிறு துண்டுகளான பீ.ஓ.பீ. தரம் சீக்கிரம் சாயம் இறங்கும், நீள இலையான ஓ.பீ. தரம் மெதுவாக இறங்கும். வீ.பீ.யின் பீ.ஓ.பீ.யை விதையின் ஓ.பீ.யோடு வைத்துப் பார்த்தால் இலையின் பருமனைத்தான் ஒப்பிடுகிறீர்கள். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்பது சுவை பார்க்கத் தேநீர் வடிப்பதற்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 3103 சொல்லும் அளவு. தண்ணீரும் ஒன்றாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரில் எந்தத் தேயிலையும் மேலே ஆடை கட்டி மங்கிவிடும்.

வடித்த இலையைக் கோப்பையின் மூடியில் கொட்டிப் பார்த்தால் வீ.பீ. புதுச் செப்புக்காசு போல ஒரே நிறத்தில் கிடக்கும். விதைத் தேயிலை செம்பும் பழுப்புமாகக் கலந்திருக்கும். அந்தக் கலப்பு ஒரு குறை இல்லை. பசும்புல் நிறம் மட்டும் தெரியக் கூடாது. சுவையில் வீ.பீ. முதல் வாயிலேயே தெளிவாகச் சொல்லிவிடும்: நிறம், கடுப்பு, உரம். விதைத் தேயிலை முதலில் மெலிந்தது போலத் தோன்றி, ஆறும்போது வாசம் விரியும். அதனால் சூட்டோடு ஒரு வாய், பத்து நிமிடம் கழித்து ஒரு வாய் என்று இரண்டு முறை சுவைக்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். பால் ஊற்றுகிறவர்கள் வீ.பீ.யை வாங்குவதே சரி. அரும்பை மட்டும் எடுத்துச் செய்யும் சில்வர் டிப்ஸ் வேண்டுமானாலும் அரும்பில் அடர்ந்த மயிர் உள்ள டீ.ஆர்.ஐ. 2043-தான் வெல்லும்.

பொதியில் 'பழைய செடி' என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். ஒஸ்ரேலியாவின் வைன் பிரதேசமான பரோசாவில் 2009-இல் திராட்சைக் கொடிகளை 35, 70, 100, 125 வருடம் என்று வகுத்துப் பெயர் வைத்தார்கள். நம் பொதிகளில் அந்த மாதிரி வயதுக் கணக்கைக் காண்பது அரிது. எந்த மலை, எந்த மாதம் பறித்தது, இடையில் கன்று செருகியிருக்கிறதா, தனியாக அரைத்ததா என்று கேளுங்கள். ஒக்டோபர் மழையில் பறித்த ஊவா விதைத் தேயிலையை விட, ஓகஸ்டில் பறித்த ஊவா வீ.பீ.யை எடுப்பேன்.