மரைன் டிரைவ் கடல்சுவர் நடை: போய் வந்த அனுபவம்

தாராவியில் இருபத்தாறு வருடமாகக் கான்கிரீட் வேலை எடுத்துச் செய்கிறேன். சொந்த ஊர் கொளச்சல் பக்கம். சிவில் படிக்கும் மகள்தான் இந்த நடைக்குப் பணம் கட்டினாள், தலைக்கு 700 ரூபாய். ஒரு சிறு குழு வார இறுதிகளில் நடத்துகிறது. குறையும் சொல்லப்போவதால் அதன் பெயரைப் போடவில்லை. நரிமன் பாயின்டிலிருந்து கிர்காவ் சௌபாத்தி வரை கடல்சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் மொத்த நிகழ்ச்சியும்.

முதலில் குறை. பதினொன்றரைக்குக் கிளம்புவதாகச் சொன்னார்கள். தாமதமாக வந்த இரண்டு பேருக்காக ஐம்பது நிமிடம் நின்றோம். அமாவாசையை ஒட்டிய நாள், கடல் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாள். அமாவாசை, பௌர்ணமி சமயங்களில் மும்பையில் கடல் நண்பகலை ஒட்டித்தான் முழுதாக ஏறும். கடலைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? முக்கியமான இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.

சரி, அதன் பிறகு கிடைத்தது எல்லாமே நல்லது. அழைத்துப் போனவர் துறைமுக வேலையில் ஓய்வு பெற்ற பொறியாளர், மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர், நானும் மகளும் பேசியதைக் கேட்டு, "நீங்க எந்த ஊர்?" என்று தமிழுக்கு மாறிவிட்டார். பையிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். ஒரு முனையில் மரக்கட்டையை நிறுத்தி அலை எழுப்பினார். அலை மோதித் திரும்பி வந்து தட்டுக்கு வெளியே சிந்தியது. கட்டையை எடுத்துவிட்டுக் கூழாங்கல்லைச் சரிவாகக் குவித்தார். அலை உள்ளே போய் அப்படியே அடங்கிவிட்டது. செங்குத்துச் சுவர் அலையைத் திருப்பி அடிக்கும்போது தன் காலடி மண்ணையே அரித்துக்கொள்கிறது என்றார். ஊரில் சுவர் எப்போதும் கடல் பக்கமாகவே சாய்ந்து விழுவது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டெட்ராபாட் என்கிற நான்கு கால் கான்கிரீட் கட்டிகளின் குவியலை ஏற்றம் இறங்கிய பிறகு, சாலை ஓரத்தில் நின்றுதான் காட்டினார். அதன் மேல் ஏறி உட்கார யாரையும் விடவில்லை, அது சரிதான். 1950-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் உருவான வடிவமாம். இரண்டு அடுக்காக அடுக்கினால் சுமார் பாதி இடம் வெற்றிடமாகவே இருக்கும், அந்த இடுக்குகளில் புகுந்துதான் அலை களைத்துப் போகிறது. கான்கிரீட்டில் இடைவெளி விட்டாலே திட்டுகிற எனக்கு இதை ஏற்க நேரம் பிடித்தது.

அப்புறம் ஒரு கணக்கு சொன்னார். அதற்கே 700 ரூபாய் தகும். கரையை நெருங்கும் அலை, தண்ணீர் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் உயர முடியாமல் உடைந்துவிடும். இரண்டு மீட்டர் ஆழம் என்றால் ஒன்றரை மீட்டர் அலைதான் சுவரைத் தொடும். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதே அளவு இன்னும் ஒரு முறை உயர்ந்தால் ஆழம் 2.2 மீட்டர், அலை 1.65 மீட்டர். பத்து சதவீதம்தானே என்றேன். அலையைத் தாங்கச் சுவருக்கு முன்னால் போடும் கல்லின் எடை, அலை உயரத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறும் என்றார். மகள் போனில் போட்டுப் பார்த்தாள்: 1.1 × 1.1 × 1.1, சுமார் 1.33 மடங்கு. இன்று இரண்டு டன் கல் போதும் என்ற இடத்தில் அன்று 2.66 டன் வேண்டும். இருபது சென்டிமீட்டர் என்று செய்தியில் கேட்டால் ஒரு சாண் என்று விட்டுவிடுவேன். கல் ஆர்டர் செய்கிறவனுக்கு இது வேறு எண்.

சௌபாத்தி மணலில் நின்று, அலைக்கு இதைவிட நல்ல தடுப்பு கிடையாது என்றார். எங்கள் பக்கத்து ஊருக்குத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டார்கள். அங்கே மணல் சேர்ந்தது, எங்கள் பக்கம் சித்தியின் வீடு இருந்த வரிசையே கடலுக்குள் போனது என்று சொன்னேன். கரையோரமாக ஓடுகிற மணலை ஓரிடத்தில் பிடித்து வைத்தால் அடுத்த ஊருக்குப் போக வேண்டியது போகாது, இரண்டு ஊரையும் ஒன்றாகப் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்றார். அவருடைய குரலும் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது.

இன்னொன்று: நடையில் வொர்லி கோலிவாடா என்கிற மீனவர் குடியிருப்பு இல்லை. கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கு நடுவே 60 மீட்டராகத் திட்டமிட்ட படகு வழியை 120 மீட்டராக மாற்றவைத்தவர்கள் அந்த மீனவர்கள். கடலோரம் எதைக் கட்டினாலும் அவர்களிடமும் ஒரு மணி நேரம் பேசியாக வேண்டும். குழுவுக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

போகிறவர்கள் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள், அந்தக் காற்றில் குடை நிற்காது. ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஊரிலிருந்து சித்தப்பா வருகிறார். அடுத்த பௌர்ணமிக்கு மூன்று இடம் சொல்லிவிட்டேன், நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்ற வேண்டுகோளோடு.