ஒன்பது வருட ஸ்கேல் மாடல்: மேசையில் தங்கியவையும் பெட்டிக்குள் போனவையும்

என் அலமாரியில் இரண்டு ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் நிஜ விமானத்தை அதே விகிதத்தில் சுருக்கிய பிளாஸ்டிக் மாடல்கள்: ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1/72 அளவு, ஒரே கிட் (பாகங்களை நாமே வெட்டி ஒட்டும் பெட்டி). ஒன்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் செய்தது, நான் ஒட்டிய முதல் மாடல். இன்னொன்று போன வருடம் முடித்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் புதியதைக் காட்டி, "இதுக்கு ஸ்ப்ரே அடிச்சீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை, இரண்டுமே தூரிகைதான். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். இடைப்பட்ட வருடங்களில் நான் அதிகம் செலவழித்தது, காற்றழுத்தத்தில் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷுக்கு. ஆனால் வித்தியாசம் வந்தது வேறு இடத்திலிருந்து என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்த இரண்டாவது ஸ்பிட்ஃபயர்.

1/72 என்றால் நிஜத்தில் ஆறடி, மாடலில் ஓர் அங்குலம். பதினோரு மீட்டர் சொச்சம் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் இங்கே பதினைந்தரை சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட வராது. என் முதல் மாடலில் இறக்கை உடலோடு சேருமிடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி. அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன். 72-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 36 மில்லிமீட்டர். நிஜ விமானத்தில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை! அதற்கு மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும்.

முதலில் நிப்பர், பாகங்களை வெட்டியெடுக்கும் சின்ன வெட்டுக்கருவி. ஆரம்பத்தில் பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, நகவெட்டியால் வெட்டினேன், சிலதைக் கையாலேயே முறுக்கிப் பிய்த்தேன். பிய்த்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்துப் போகும், சின்னப் பள்ளமும் விழும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒயர் வெட்ட விற்கும் நிப்பரை வாங்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதியைத் தீர்த்தது ஒரு பழக்கம்: இரண்டு முறை வெட்டுவது. முதல் வெட்டு பாகத்திலிருந்து தள்ளி. பாகம் தனியாக வந்ததும், மிச்சமிருக்கும் குச்சியில் பாகத்தை ஒட்டினாற்போல இரண்டாவது வெட்டு. அப்போதும் ஒரு நூலளவு விட்டுவைத்து, பிளேடால் சீவி, கடைசியில் தேய்க்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு காட்ஹேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் நிப்பர் வாங்கினேன். ஒரு பக்கம்தான் கூர், மறுபக்கம் தட்டை. வெண்ணெயை வெட்டுவது போல இருக்கும், வெட்டின இடம் பளிங்கு மாதிரி வரும். ஆனால் அதன் நுனி மிக மெல்லியது. ஒருநாள் அவசரத்தில் தடித்த சட்டத்தையே அதால் வெட்டப் போய், நுனியில் ஒரு பொடிச் சில்லு தெறித்தது. தப்பு என்னுடையதுதான். இப்போது முதல் வெட்டுக்குப் பழைய ஒயர் நிப்பர், இரண்டாவதுக்கு மட்டும் இது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை வாங்க அவசரப்பட வேண்டாம். டாமியாவின் கூர்முனை நிப்பரே பல வருடம் தாங்கும்.

தேய்ப்பதற்கு வெளிநாட்டு சாண்டிங் ஸ்டிக் எல்லாம் வரவழைத்தேன். கடைசியில் நிலைத்தது தெருமுனை ஹார்டுவேர் கடையின் வாட்டர் பேப்பர். 400, 600, 1000, 2000 என நான்கு நம்பர். ஐஸ் குச்சியில் டபுள் டேப்பால் ஒட்டிக்கொண்டால் போதும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது, பேப்பரும் சீக்கிரம் அடைக்காது. வளைந்த பரப்புக்கு ஃபேன்சி ஸ்டோரில் நகத்துக்கு மெருகேற்ற விற்கும் கட்டை இருக்கிறதே, அது அருமை. கடைக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்ப்பதற்கு மட்டும் தயாராகப் போங்கள்.

பசை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டியூப் பசையில் தொடங்கியவன் நான். அது நூல் நூலாக இழுக்கும், விரலில் ஒட்டும், விரலிலிருந்து விமானி அறையின் கண்ணாடி மூடிக்குப் போகும். அப்புறம் டாமியாவின் எக்ஸ்ட்ரா தின் பசைக்கு மாறினேன், பச்சை மூடி போட்ட சதுர பாட்டில். இது தண்ணீர் மாதிரி. பூசிவிட்டுச் சேர்க்கக் கூடாது. சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியிலுள்ள தூரிகையால் இணைப்புக் கோட்டைத் தொட வேண்டும். திரியில் எண்ணெய் ஏறுவது போல அது கோடு முழுக்கத் தானாக ஓடும். சில நொடி கழித்து லேசாக அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் முடி கனத்துக்கு வெளியே பிதுங்கும். அந்தப் பிதுக்கம்தான் வேண்டும். இடைவெளியை அதுவே அடைத்துவிடும், இடைவெளி அடைக்கும் பசைமாவான புட்டியைப் பூச வேண்டிய வேலை மிச்சம். இரண்டு எச்சரிக்கை. கோட்டின் மேல் உங்கள் விரல் இருந்தால் பசை விரலுக்கு அடியிலும் ஓடும்; ரேகை நிரந்தரமாகப் பதியும். என் முதல் ஸ்பிட்ஃபயரின் இடது இறக்கையில் என் கட்டைவிரல் இன்றும் இருக்கிறது, ஆதாருக்குக்கூட அவ்வளவு தெளிவாக விழவில்லை. இரண்டாவது, காத்திருப்பது. தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் தேய்த்து, பெயின்ட் அடித்து, அழகாக இருக்கிறதே என்று அலமாரியில் வைத்தால், ஒரு வாரத்தில் அதே கோடு லேசான பள்ளமாகத் திரும்பி வரும். கரைப்பான் உள்ளேயிருந்து மெல்ல வெளியேற, பிளாஸ்டிக் சுருங்குகிறது. இப்போது ஒரு முழு நாள் காயவிடாமல் தேய்ப்பதே இல்லை.

பசை இல்லாமல் முதலில் பொருத்திப் பார்ப்பது, பாத்திரம் கழுவும் திரவத்தில் பாகங்களை அலசிக் காயவைப்பது, இதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானும் மூன்று வருடம் கேட்காமல்தான் இருந்தேன். கண்ணாடி மூடிக்கு சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவியே வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமில்லாமல் தெளிவாகிவிடும்.

ஏர்பிரஷ்ஷுக்கு வருவோம். டபுள் ஆக்‌ஷன் (ஒரே பொத்தானில் காற்றையும் பெயின்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம்), 0.3 மில்லிமீட்டர் ஊசி. அது நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்க் இல்லாத கம்ப்ரஸர் வாங்கி ஏமாந்தேன். காற்று துடிதுடித்து வரும், கால் மணியில் கொதிக்கும், எட்டாவது மாதம் நின்றே போனது. விற்றவர் போனை எடுக்கவில்லை. இப்போதிருப்பது மூன்று லிட்டர் டேங்கும் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் உள்ளது. சென்னையில் அந்த வடிகட்டி இல்லாமல் முடியாது, ஒரு மாலை வேலைக்கே அதன் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் (வேகமாக உலரும் கரைப்பான் பெயின்ட்) அடித்தால் இன்னொரு தொல்லை. கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூஞ்சை பிடித்தது போல வெளுத்துவிடும். ஒரு கறுப்பு நிற விமானம் இப்படித்தான் விபூதி பூசிக்கொண்டது. மெதுவாக உலரும் லெவலிங் தின்னர் சேர்த்தால் ஓரளவு தப்பிக்கலாம். நான் மழைக்காலத்தில் வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது மட்டும். பெயின்ட் எல்லாம் தை பிறந்த பிறகு. காசு மிச்சம் பிடிக்க ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரில் மட்டும் கலக்காதீர்கள். ஓர் இறக்கையின் பேனல் கோடுகள் (தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் கோடுகள்) எல்லாம் என் கண்ணெதிரிலேயே கரைந்து போயின. லாக்கர் அடிப்பவர்கள் கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வாங்குங்கள். கொரோனா காலத்து மாஸ்க் இதற்கு உதவாது.

செலவே இல்லாமல் பலன் தந்த பழக்கம், பெயின்ட் அடிக்கும் நேரத்திலும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும் ஃபேனை நிறுத்துவது. தூசி பாதியாகக் குறைந்தது. அம்மா கதவருகில் நின்று, "ஃபேன் போட்டா உன் ஏரோப்ளேன் பறந்துடுமாடா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அடித்ததும் மேலே ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டால் இன்னும் நல்லது.

டெக்கால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள், ஒட்டும்முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட். பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஒட்டினால் சொரசொரப்புக்குள் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். டெக்காலைப் பரப்போடு படியவைக்கும் திரவங்கள் இரண்டு: முதலில் மைக்ரோ செட், பிறகு மைக்ரோ சால். இரண்டாவதைத் தடவியதும் டெக்கால் அப்பளம் போலச் சுருங்கும். பயந்து தொட்டீர்களோ, போச்சு. டீ குடித்துவிட்டு வாருங்கள், தானே படிந்திருக்கும்.

பெட்டிக்குள் போனவை: உலோகத் தகடு வளைக்கும் கருவி (இரண்டே முறை), அல்ட்ராசானிக் கிளீனர், காந்தம் வைத்த பிடிப்பான் தொகுப்பு. இவற்றுக்குப் போன பணத்தில் நல்ல மேசை விளக்கு ஒன்று முதல் வருடமே வாங்கியிருக்கலாம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் இணைப்புக் கோடு நிழலோடு எழுந்து நிற்கும்.

இப்போது மேசையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1/48 அளவில் பி-38 போர் விமானம். மூக்கில் எடை வைக்காவிட்டால் இது வால் குத்தி உட்கார்ந்துவிடும். தூண்டில் ஈயக்குண்டுகளை உள்ளே ஒட்டி, மூடுவதற்கு முன் சக்கரம் இருக்கும் இடத்தில் பென்சில் வைத்துத் தராசு போலச் சரிபார்த்தாயிற்று. இன்னொன்று மிக்-21. 1963-இல் நம் விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றதே, அது. அதன் மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயை நான் மூன்று முறை சட்டைக் கையால் உடைத்திருக்கிறேன். இந்த முறை மருந்துக் கடையில் வாங்கிய புது ஊசியை நுனி மழுக்கித் தயாராக வைத்திருக்கிறேன். பெயின்ட், டெக்கால், வார்னிஷ் எல்லாம் முடிந்து, அலமாரிக்குப் போகும் அன்றுதான் அதை ஒட்டப் போகிறேன்.