ஹுருங்கானே முகடுகளுக்கு வழி திட்டமிடும் கருவிகள்: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

நார்வேயின் யோத்துன்ஹைமன் மலைத்தொகுதிக்கு மேற்கு ஓரத்தில், சோங்னெ ஃபியோர்டு உள்நாட்டுக்குள் வந்து முடிகிற இடத்துக்கு மேலே, ஹுருங்கானே இருக்கிறது. 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் மட்டுமே இங்கே இருபதுக்கு மேல். நாட்டிலேயே மூன்றாவது உயரமான ஸ்டோரே ஸ்காகஸ்டோல்ஸ்டிண் (2,405 மீ) அவற்றில் ஒன்று. ஏறுகிறவர்கள் சுருக்கமாக 'ஸ்டூரன்' என்பார்கள். அதைவிட உயரமான கால்ஹோப்பிகனுக்கும் கிளிட்டர்டிண்ணுக்கும் கோடையில் நல்ல பூட்ஸ் இருந்தால் நடந்தே போய்விடலாம். ஸ்டூரன் அப்படியில்லை, கயிறு கட்டாயம்.

ஆஸ்லோவில் இருக்கும் நான், கோடையில் பாறை, வசந்தத்தில் ஸ்கீ என்று வருடாவருடம் இந்தப் பக்கம் போய்வருகிறேன். வழி பார்க்கப் பயன்படுத்துபவை பெரும்பாலும் அரசுத் துறைகள் இலவசமாகக் கொடுப்பவை. என் அனுபவத்தில், இவை 'வேண்டாம்' என்று சொன்னால் யோசிக்காமல் நம்பலாம். 'வேண்டாம்' என்று சொல்லவில்லை என்பதற்காகப் போகலாம் என்று அர்த்தமில்லை. எந்தக் கருவி எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு இத்தனை பருவம் ஆயிற்று.

நோர்கெஸ்கார்ட்டிலிருந்து தொடங்குகிறேன். கார்ட்வெர்க்கெட் என்ற அரசு நில அளவைத் துறையின் வரைபடத் தளம் இது. 2013-இல் அந்தத் துறை தன் அடிப்படை வரைபடத் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அச்சுத் தெளிவு, இடப்பெயர், ஓடை, பாதை எல்லாம் அருமை. ஆனால் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. நடக்கிறவருக்கு அது போதும். கயிற்றோடு போகிறவருக்கு, அந்த 20 மீட்டருக்குள் ஒரு முழு நாளே தொலைந்துபோகலாம்.

ஸ்காகஸ்டோல் முகடு இதற்கு நல்ல உதாரணம். வடக்கிலிருந்து தெற்காக முகட்டின் மேலேயே நடந்து, ஏறி, கடைசியில் ஸ்டூரனில் முடிப்பது இங்கே புகழ்பெற்ற பயணம். நடுச் சிகரத்துக்கும் வெஸ்லே ஸ்காகஸ்டோல்ஸ்டிண்ணுக்கும் இடையே முகடு சட்டென்று அறுந்து விழும். அந்தப் பிளவுக்குப் பெயர் வி-ஸ்கார். அதற்கு எதிர்ப்பக்கம் ஹால்ஸ் ஹம்மர் என்ற செங்குத்துச் சுவர், பயணத்தின் கடினமான பகுதி. டென்மார்க்கைச் சேர்ந்த மலையேறி கார்ல் ஹாலின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் தேடினால் கோடுகள் அந்த இடத்தில் கொஞ்சம் நெருங்கி ஒரு சின்ன இடுப்பு போல ஒடுங்கும், அவ்வளவுதான். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே பத்து மீட்டர் சுவர் ஒளிந்திருப்பதைக் காட்ட வரைபடத்துக்கு வழியே இல்லை.

இதற்கு மாற்று, அதே துறையின் ஹோய்டெடாட்டா தளம். விமானத்திலிருந்து லேசர் அடித்து நாடு முழுக்க எடுத்த உயரத் தரவு இது. திரையில் முகட்டின் மேல் ஒரு கோடு இழுத்தால் அதன் பக்கவாட்டு வெட்டுத் தோற்றம் வந்துவிடும். வி-ஸ்காரும் பல் விழுந்த ஈறு மாதிரி பளிச்சென்று தெரியும். இதை முதன்முதலில் பார்த்தபோது இனி வழிகாட்டிப் புத்தகமே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் லேசர் மேலிருந்து அடிக்கிறது. சுவரின் தலையும் காலும் அதற்குத் தெரியும், முகம் தெரியாது. பிடிக்க விரலளவு விளிம்பு உண்டா, ஈரம் கசிகிறதா, மேல்பகுதி வெளியே துருத்துகிறதா என்பதெல்லாம் ஏறியவர் எழுதி வைத்தால்தான் உண்டு. அதனால் தளத்தில் பார்த்த வெட்டுத் தோற்றத்தை அச்சடித்து, ஏறுவழிக் குறிப்பைப் பக்கத்தில் வைத்து, எந்த வரி எந்த மேட்டுக்கு என்று பென்சிலால் இணைத்துக்கொள்கிறேன். மெனக்கெடத்தான் வேண்டும், ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்ட ஒரே பழக்கம் இதுதான்.

நேரக் கணக்கில் இலவசத் தளங்கள் எல்லாமே சொதப்பும். அவை போடும் மணிக்கணக்கு குறியிட்ட பாதைகளுக்கானது. அடிப்படையில் 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன மாதிரியான கணக்குதான்: தூரத்துக்கு இவ்வளவு, ஏற்றத்துக்கு இவ்வளவு. சாலையோரத்தில் ஏற்றம் தொடங்கும் டூர்டாக்ரோவிலிருந்து (884 மீ) ஸ்டூரனின் அடியில் இருக்கும் பாண்டே கணவாய்வரை அது ஓரளவு பொருந்தும். அங்கிருந்து ஸ்டூரன் உச்சிக்கு ஏறக்குறைய 650 மீட்டர் ஏற்றம் பாக்கி இருக்கும், ஆனால் கணக்கு அதோடு சரி. உச்சிக்குப் போகும் வழியில் வரும் ஹெஃப்டியே பிளவுக்குக் கீழே, வெயிலடிக்கும் ஜூலை சனிக்கிழமையில், முன்னால் போன கயிற்றுக்குழு முடிக்கும்வரை நின்றே ஆகவேண்டும். எந்தச் செயலி அதைச் சொல்லும்? 1876-இல் ஸ்டூரனில் முதன்முதலில் ஏறிய ஆங்கிலேயர் ஸ்லிங்ஸ்பி கடைசிப் பகுதியைத் தனியாக ஏறி உச்சியைத் தொட்டார். அவருக்கு வரிசை இல்லை.

இப்போதெல்லாம் இறங்கும் வழியைத்தான் முதலில் வரைகிறேன். வி-ஸ்காரில் கயிற்றில் இறங்கி, கயிறை உருவிவிட்டால், வந்த வழியே திரும்புவது லேசில்லை. எனவே அந்த இடத்துக்கு எத்தனை மணிக்குள் வந்தாகவேண்டும் என்பதுதான் என் திட்டத்தின் முதல் வரி. உச்சிக்கு எப்போது போவோம் என்பது கடைசியில் வரும்.

வசந்தத்துக்கு வேறு கருவி: வார்சோம் தளம். நீர்வளத் துறையான என்விஇ அதில் டிசம்பர் முதல் மே வரை தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, அபாயம் 1 முதல் 5 வரை. எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த எண் ஒரு பெரிய வட்டாரத்துக்கே பொதுவானது, நீங்கள் நிற்கப்போகும் சரிவுக்கானது இல்லை. நான் நேராகப் பக்கத்தின் கீழே போய், என்ன வகைச் சிக்கல், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல் என்ற படங்களைப் படிப்பேன். பனிக்குள் புதைந்த பலவீனமான அடுக்கு என்று போட்டிருந்தால், எண் 2 ஆக இருந்தாலும் செங்குத்துப் பக்கம் போவதில்லை. பிற்பகல் வெயிலில் ஈரமாகும் பனிதான் சிக்கல் என்றால், விடியுமுன் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடலாம். 'எண் என்ன?' என்று கேட்பவரோடு ஸ்கீ போக எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்.

அதே துறையின் சரிவுக்கோண வரைபடத்தில் 30 பாகையை ஒட்டி நிறம் ஏறத் தொடங்கும். அதைவிட எனக்கு உதவுவது, சரிந்த பனி எதுவரை ஓடிவரக்கூடும் என்று காட்டும் கூடுதல் அடுக்கு. ஸ்காகஸ்டோல் பள்ளத்தாக்கின் தரை சாதுவானது, நிறமே இல்லாத வெள்ளை. ஆனால் கிழக்கே ஸ்காகஸ்டோல் முகடு, மேற்கே தீர்ஹெளக் முகடு என்று இரண்டு பக்கமும் செங்குத்து. ஓட்டப்பகுதி அடுக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், மதியம் சாப்பிட உட்காரும் இடத்தைக்கூடத் திட்டத்தில் குறிக்க ஆரம்பித்தேன். பனி ஆழத்தைக் காட்டும் தேசிய வரைபடங்களை இந்த நிலப்பரப்பில் நான் மதிப்பதில்லை. அவற்றின் கட்டம் ஒரு கிலோமீட்டர். இங்கே ஒரே கட்டத்துக்குள் பள்ளத்தாக்கும் முகடும் அடங்கிவிடும்.

வானிலைக்கு 'யூர்'. நார்வே ஒலிபரப்பு நிறுவனமும் வானிலை நிறுவனமும் சேர்ந்து 2007-இல் தொடங்கியது. ஊரின் பெயரைப் போடாமல் சிகரத்தின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு சின்ன யுக்தி: எதிரே இருக்கும் ஃபன்னாரோக்கனின் (2,068 மீ) உச்சியில் வானிலை நிலையம் உண்டு. 1932 முதல் 1978 வரை அங்கே ஆள் தங்கியே பதிவு எடுத்தார்கள். முன்னறிவிப்பு சொன்ன காற்றையும் அங்கே நிஜமாக வீசிய காற்றையும் இரண்டு மூன்று நாள் ஒப்பிட்டால், இந்த வாரம் முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்று பிடிபடும்.

பணம் கட்டிய ஒரு செயலியும் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். பிறர் தாங்கள் போன வழியை ஜிபிஎஸ்ஸில் பதிந்து ஏற்றிய ஜிபிஎக்ஸ் தடங்களைக் குவித்து 'பிரபல வழி' என்று தடித்த கோடு போட்டுவிடும். அந்தத் தடம் ஏப்ரலில் மூன்று மீட்டர் பனிக்கு மேல் ஸ்கீயில் போனதா, ஆகஸ்டில் நடந்ததா என்று சொல்லாது. பனியாற்றின் மேல் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது: ஏப்ரலில் மூடிக் கிடக்கும் வெடிப்புகள் ஆகஸ்டில் வாய் திறந்திருக்கும், பனிக்கும் பாறைக்கும் இடையிலும் இடைவெளி விழுந்திருக்கும். சந்தாவை நிறுத்திவிட்டேன். பனியாற்று ஓரம் எங்கே என்று அறிய நோர்கெ இ பில்டெர் தளத்தின் வான்படங்களை வருடவாரியாகப் பார்க்கிறேன். போன வாரப் பனி எவ்வளவு என்று அறிய சென்டினல்-2 செயற்கைக்கோள் படமே போதும், மேகம் விலகியிருந்தால்.

கைபேசி பற்றி அதிகம் இல்லை. பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், குளிரில் பேட்டரி சரியும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், காகிதமும் இருக்கட்டும். இருக்குமிடத்தை அவசர உதவிக்கு அனுப்பும் 'ஹெல்ப் 113' செயலியைக் கட்டாயம் போட்டுவையுங்கள். டூர்டாக்ரோ வழியாக மலையைக் கடக்கும் சோங்னெஃபியெல் சாலை குளிர்காலத்தில் மூடப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள், 175-ஐ அழைத்தால் நிலவரம் சொல்வார்கள்.

புதிதாக வருபவருக்கு ஒரு யோசனை. முதல் பயணத்தில் ஸ்டூரனை விட்டுவிட்டு ஃபன்னாரோக்கன் ஏறுங்கள். ஹெல்கெடாலன் வழியாகப் போனால் குறியிட்ட பாதை, பனியாற்றைத் தொடவேண்டாம், கயிறும் வேண்டாம். உச்சியிலேயே டிஎன்டி என்ற நார்வே மலைநடைச் சங்கத்தின் விடுதி இருக்கிறது, அவர்களுடைய விடுதிகளிலேயே உயரமானது, கோடையில் சாப்பாடும் கிடைக்கும். அச்சடித்த வெட்டுத் தோற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே பாருங்கள். மொத்த ஸ்காகஸ்டோல் முகடும் பக்கவாட்டில் விரிந்து நிற்கும், வி-ஸ்கார் எது என்று யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.