ஆந்தைக் குஞ்சைப் படமெடுக்க ஃபிளாஷா, அந்தி வெளிச்சமா?

தெருமுனைப் புளியமரப் பொந்தில் புள்ளி ஆந்தை குஞ்சு பொரித்திருப்பது தெரிந்ததும், இருட்டட்டும் என்று காத்திருந்து கேமராவில் ஃபிளாஷை மாட்டிக்கொண்டு போனேன். முதல் மின்னலுக்கே பொந்து வாயில் நின்ற குஞ்சு உடலைச் சுருக்கி உள்ளே இறங்கிவிட்டது. அலகில் வெட்டுக்கிளியோடு மின்கம்பியில் வந்து உட்கார்ந்த பெரிய ஆந்தை பொந்துப் பக்கம் வரவேயில்லை. நான் ஐம்பதடி பின்னால் போன பிறகுதான் அந்த இரை உள்ளே போனது. வீட்டுக்கு வந்து பார்த்தால், படத்தில் கண்கள் இரண்டும் தணலாகச் சிவந்திருந்தன.

அந்தச் சிவப்புக்குக் காரணம், கேமராவின் தலையிலேயே இருக்கும் ஃபிளாஷ். ஒளி லென்ஸின் திசையிலேயே போய், கண்ணின் பின்புறத்தில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. ஃபிளாஷை ஒரு கை நீளம் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தாலே சிவப்பு பெரும்பாலும் போய்விடும், இறகின் மேடு பள்ளமும் தெரியும். கேமரா ஒளியை உணரும் திறனின் அளவான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றினால் ஃபிளாஷின் திறனை 1/16, 1/32 என்று குறைத்துவிடலாம். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகக் குறையும் என்பதால் கால் தானாகவே கூட்டை நோக்கி நடக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஃபிளாஷின் பெரிய பலம் கூர்மை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மின்னுவதால் அசையும் இறகும் உறைந்து நிற்கும்.

பறவையின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. ஆந்தையால் கண்ணை மட்டும் திருப்ப முடியாது, தலையையே திருப்ப வேண்டும். மங்கிய ஒளிக்கென்றே அமைந்த விழித்திரை அது. கண் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் கிளைவிட்டுக் கிளை தாவப் பழகும் குஞ்சுக்கு நொடி நேரக் கண்கூச்சமே ஆபத்து. இரையோடு பறந்து வரும் ஆந்தையின் மீது ஃபிளாஷ் அடிப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

டார்ச் ஒளியில் ஃபோகஸ் செய்வது சுலபம்தான். ஆனால் நின்று எரியும் வெளிச்சம் பொந்து இருக்கும் இடத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனவே டார்ச் வேண்டவே வேண்டாம்.

அகச்சிவப்புத் தானியங்கிக் கேமராவில் 940 நானோமீட்டர் அலைநீள விளக்கு உள்ளதை வாங்கினால் கண்ணுக்கு ஒளியே தெரியாது. 850 என்றால் மங்கலாகச் சிவக்கும். இரை எத்தனை முறை வருகிறது என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை. படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். அதைப் பொருத்துவதற்கும் கூட்டை நெருங்க வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் ‘வேட்டை’ என்றே சொல்கிறது.

புள்ளி ஆந்தைக்கு என் தேர்வு அந்தி வெளிச்சம். முழுதாக இருட்டுமுன்பே அது வெளியே வந்துவிடும். சற்று வளர்ந்த குஞ்சுகளும் பொந்து வாயில் வந்து நிற்கும். முக்காலி, 400 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/30 நொடி போதும். தூரத்தை அளக்கக் குஞ்சு தலையை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டும். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்த வேண்டும். பத்தில் இரண்டு தேறினால் நிறைவு. நள்ளிரவில் கண்ணின் பாவை அகல விரிந்து, மஞ்சள் விழி மெல்லிய வளையமாகச் சுருங்கிவிடும். அந்தியில்தான் அந்த மஞ்சள் முழுதாகக் கிடைக்கிறது. எந்த ஃபிளாஷும் இதைத் தந்ததில்லை.

இன்னோர் ஆந்தை வகையான கூகைக்கு மட்டும் இது சரிப்படாது. கோபுர மாடங்களிலும் பழைய கட்டடங்களிலும் வாழும் அது பெரும்பாலும் நன்றாக இருட்டிய பின்தான் கிளம்பும். அங்கே தெருவிளக்கு வெளிச்சம் இருந்தால் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி அதிலேயே எடுக்கிறேன். அதுவும் இல்லாத இடத்தில் மட்டும், பக்கவாட்டிலிருந்து குறைந்த திறனில் இரண்டு மூன்று மின்னல்கள். கூகைக் குஞ்சுகள் இரை கேட்டு இரவெல்லாம் சீறிக்கொண்டே இருக்கும். அந்தச் சீறல் சட்டென்று நின்றால், ஃபிளாஷை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.